கருவியும் நாமும்: சுக்கான் எண்ணெய் கசிந்தால்

மேற்குக் கரைத் துறைமுக நகர் ஒன்றில் குடியிருக்கும் நம் சங்கத்து அம்மையார் ஒருவர் இத்திங்கள் நமக்கு ஒரு கடிதம் விடுத்துள்ளார். அவருடைய கணவர் ஆழ்கடல் மீன்பிடி விசைப்படகு ஒன்றில் ஸ்ராங்காகப் பணி செய்கின்றார். அப்படகின் சுக்கான் எண்ணெயால் இயங்குவது. சில திங்களாக எண்ணெய் குறைந்துகொண்டே வருகின்றதாம். உரிமையாளரோ, “ஒரு டப்பா எண்ணெய் உடன் வைத்துக்கொள், குறையக் குறைய ஊற்றிக்கொள், அடுத்த பருவத்தடையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறிவிட்டாராம். “இஃது ஆபத்தா, அன்றி என் மனம் வீணே அஞ்சுகின்றதா?” என்று அம்மையார் வினவுகின்றார்.

வீண் அச்சம் அன்று என்பதே நம் விடை. எனினும், காரணம் கூறாமல் அச்சுறுத்துதல் இப்பகுதியின் வழக்கம் அன்று. ஆகவே, அச்சுக்கான் எவ்வாறு வேலை செய்கின்றது, எண்ணெய் எங்கெங்குக் கசியும், கசிவை எவ்வாறு காண்பது, எவ்வாறு நீக்குவது என்பனவற்றைப் படகுப் பட்டறையில் தொழில் புரியும் அன்பர்களைக் கேட்டறிந்தும், கருவி செய்வோரின் கையேடுகளைப் படித்தும் இங்கே தொகுத்துரைக்கின்றோம். குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களிலிருந்து கொச்சிக்கும் மங்களூருக்கும் அப்பாலும் சென்று தொழில் செய்யும் குடும்பங்கள் பல. அவர்கள் வீட்டு இளைஞர்களுக்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

முன்னாளில் சுக்கானைச் சங்கிலியாலும் இரும்புக் கயிற்றாலும் இழுத்துத் திருப்பினர். இன்றும் பல படகுகளில் அம்முறை உண்டு. எண்ணெய்ச் சுக்கானில் சங்கிலி இல்லை. சக்கரத்தின் பின்னே ஒரு சிறிய பம்பு இருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் படகின் பின்புறத்துக்குச் செல்லும். அங்கே ஒரு சிலிண்டர். அதனுள் ஒரு பிஸ்டன். பிஸ்டனோடு சேர்ந்த ஒரு தண்டு. அத்தண்டு சுக்கானின் கையைத் தள்ளும். சக்கரத்தை வலப்புறம் திருப்பினால் பம்பு ஒரு குழாய் வழியே எண்ணெயைத் தள்ளுகின்றது. பிஸ்டன் நகர்கின்றது. மறுபக்கத்து எண்ணெய் மற்றக் குழாய் வழியே பம்புக்குத் திரும்புகின்றது. இடப்புறம் திருப்பினால் இவ்வோட்டம் தலைகீழாகும்.

இதன் அடிப்படை பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிய விதியாகும். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் அழுத்தம் தந்தால், அது எல்லாத் திசையிலும் குறைவின்றிப் பரவும். பிஸ்டனின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர் என்றும், எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ என்றும் கொள்வோம். தண்டில் பிறக்கும் விசை 250 கிலோ. ஒரு மனிதன் இரு கையால் மெல்லத் திருப்ப, சுக்கான் அத்துணை வன்மையோடு அசைகின்றது.

இவ்வளவும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றது. குழாய் முழுவதும் எண்ணெயே இருத்தல் வேண்டும். எண்ணெய் எளிதில் சுருங்காது. காற்றோ பஞ்சுபோற் சுருங்கிவிடும். எண்ணெய் வெளியேறிய இடத்தில் காற்று புகுந்தால், சக்கரத்தைத் திருப்பும் உழைப்பு காற்றைச் சுருக்குவதிலேயே கழியும். சுக்கான் தாமதித்து அசையும். பின் அரைகுறையாக அசையும். முடிவில் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கச் சுக்கான் அசையாதே நிற்கும்.

இங்கே இரயில்வேக் குடும்பத்தினர் நன்கறிந்த ஒன்றை நினைவூட்டுவோம். 1872ஆம் ஆண்டில் அமெரிக்கர் வெஸ்டிங்ஹவுஸ் உருவாக்கிய தானியங்கிக் காற்றுப் பிரேக்கின் சிறப்பு யாது? குழாயில் காற்று கசிந்து அழுத்தம் குறைந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். வண்டி இரண்டாக அறுந்துவிட்டாலும் இரு பகுதியும் நின்றுவிடும். கருவி பழுதுபட்டால் பயணம் தடைப்படுமேயன்றி உயிர் போகாது. எண்ணெய்ச் சுக்கானின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அங்கே அழுத்தம் போனால் ஆட்சியே போய்விடும். படகைக் கடலில் நிறுத்தி வைக்கத் தண்டவாளமும் இல்லை. ஆதலால், இரயிலில் கசிவு ஒரு தாமதம்; கடலில் கசிவு ஓர் எச்சரிக்கை.

“துளித்துளியாகத்தானே போகின்றது” என்பார் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். 10 விநாடிக்கு ஒரு துளி என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 360 துளிகள். ஏறத்தாழ 20 துளி ஒரு மில்லிலிட்டர் என்னும் கணக்கில், மணிக்கு 18 மில்லிலிட்டர். ஒரு நாளில் 432 மில்லிலிட்டர். அஃதாவது, அரை லிட்டருக்குச் சற்றே குறைவு. எண்ணெய் முழுவதும் தீரும்வரை சுக்கான் வேலை செய்யும் என்றும் எண்ணற்க. பம்பின் தொட்டியில் மட்டம் இறங்கிப் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கியவுடனே தொல்லை தொடங்கிவிடும். மேலும், கசிவு என்றும் ஒரே அளவில் நிற்பதில்லை. ரப்பர் சீலின் விளிம்பு ஒருமுறை கிழிந்தால் நாளுக்கு நாள் கிழிசல் விரியும். அலை மிகுந்து சுக்கானுக்கு வேலை மிகும்போது அழுத்தமும் மிகும், கசிவும் மிகும். சுக்கான் மிகத் தேவைப்படும் வேளையிலேயே அது கைவிடும் என்பதை மறத்தல் ஆகாது.

பெருங்காற்றில் படகின் முன்பக்கமாகிய அணியத்தை அலைக்கு நேரே பிடித்து நிற்பதுதான் உயிர் காக்கும் வழி. சுக்கான் இன்றேல் படகு பக்கவாட்டில் திரும்பும்; அலை விலாவில் மோதும்; படகு கவிழ்ந்துவிடலாம். 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் குமரிக்கடலில் எழுந்தபோது ஆழ்கடலில் இருந்தோர் பலர் கரை திரும்பவில்லை. புயலை நாம் நிறுத்த இயலாது. புயல் வரும் நாளில் சுக்கான் நம் கைக்கு அடங்கி நிற்குமாறு செய்துகொள்ள இயலும்.

இனி, கசிவு எங்கெங்குத் தோன்றும் என்பதைக் காண்போம்.

முதலாவது, சக்கரத்தின் அடியில் பம்பின் அச்சு வெளிவரும் இடத்திலுள்ள சீல். இது தேய்ந்தால் எண்ணெய் சக்கரத்தின் பின்னிருந்து ஒழுகி, ஸ்ராங்கின் காலடியில் சொட்டும். இரண்டாவது, குழாய்கள் பம்பிலும் சிலிண்டரிலும் சேரும் மூட்டுகள். மூன்றாவது, குழாயே. மரத்தட்டிகளின் துளை வழியே செல்லுமிடத்தில் உராய்ந்தும், இஞ்சினின் வெப்பத்தால் வெடித்தும் அது கசியும். நான்காவது, சிலிண்டரின் இரு முனையிலும் தண்டு வெளிவரும் இடத்துச் சீல்கள். பெரும்பாலும் குற்றவாளி இதுவே. உப்புநீர் உலர்ந்து தண்டின்மேல் உப்பு படிகின்றது. துருப் பள்ளம் விழுகின்றது. தண்டு உள்ளே செல்லும்போதெல்லாம் அவை அரம்போல் சீலை அறுக்கின்றன. ஐந்தாவது, காற்று வெளியேற்றும் நிப்பிள்கள் சரியாக மூடப்படாமை.

ஆறாவது ஒன்று கண்ணுக்குப் புலப்படாது. சிலிண்டருக்குள்ளே பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உள்ளேயே நழுவும். வெளியே ஒரு துளியும் வாராது. தொட்டியின் மட்டமும் குறையாது. ஆனால், சக்கரத்தை அசையாமல் பிடித்திருக்கும்போதே சுக்கான் மெல்ல நழுவும். பம்பினுள் உள்ள தடுப்பு வால்வில் அழுக்குச் சிக்கினாலும் இதே குறி தோன்றும். இரண்டில் எது என்று அறிய, சிலிண்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் கழற்றி, உரிய உலோக மூடிகளால் இறுக அடைத்துச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். சக்கரம் இறுகி நின்றால் பம்பு நன்று, பழுது சிலிண்டரில். அப்போதும் சக்கரம் சுழன்றால் பழுது பம்பில்.

வெளிக்கசிவைக் காண எளிய முறை ஒன்றுண்டு. எல்லா மூட்டுகளையும் குழாய்களையும் தண்டையும் உலர்ந்த துணியால் நன்கு துடைத்துவிடுக. கீழே வெள்ளைத்தாள் விரித்திடுக. பின்னர் ஒருவர் சக்கரத்தை ஒரு பக்கம் இறுதிவரை திருப்பிச் சிறிது அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மறுபக்கம் திருப்பி அவ்வாறே காண்க. தண்டின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. துளியாகத் திரண்டு விழுந்தால் சீல் போய்விட்டது என்று கொள்க. எண்ணெய் கீழ்நோக்கி வழிவதால், துளி விழும் இடம் ஒன்றாகவும் கசியும் இடம் வேறாகவும் இருக்கும். ஈரத்தின் மேல் எல்லை எதுவோ அதனையே தேடுதல் வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. அழுத்தத்தில் இருக்கும் குழாயின்மேல் வெறுங்கையைத் தடவிக் கசிவைத் தேடல் ஆகாது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். மேலே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகக் கையையே இழக்க நேரிடும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துத் தேடுக. தவறிப் பட்டுவிட்டால், வலி இல்லை என்று இராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று நடந்ததைச் சொல்லுதல் வேண்டும்.

பழுது நீக்கும் வேலை துறையில் படகைக் கட்டியபின், சுக்கானை அசையாமல் பிணித்துச் செய்ய வேண்டியதாகும். மூட்டில் கசிவு எனின், ஒரு ஸ்பானரால் மூட்டின் அடியைப் பிடித்து, மற்றொரு ஸ்பானரால் இறுக்குக. ஒரே ஸ்பானரால் திருகினால் பித்தளை மூட்டே முறுக்கிக்கொள்ளும். அளவு மீறி இறுக்குவதும் தீங்கே. கழற்றிப் பூட்ட நேர்ந்தால், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல் டெஃப்லான் நாடா சுற்றற்க. அதன் நார் பிய்ந்து எண்ணெயோடு சென்று, மேலே கூறிய தடுப்பு வால்வில் சிக்கிக்கொள்ளும். கூம்பு மரைக்கு அதற்குரிய பசையை, முதலிரு மரையை விட்டு, அளவாகப் பூசுக. ஓரிங் உள்ள மூட்டுக்கு நாடாவும் வேண்டா, பசையும் வேண்டா. புதிய ஓரிங்கே போதும்.

குழாய் உராய்ந்திருந்தால் மாற்றுவதே வழி. ரப்பர் நாடா சுற்றுவதும், வெட்டிக் கிளிப் போட்டு இணைப்பதும் கூடா. இவ்வமைப்புகள் சிலவற்றில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு வரை ஏறும். டீசல் குழாய்க்குப் போடும் கிளிப் இதன் முன் நில்லாது. புதிய குழாய் செல்லும் துளைக்கு ரப்பர் வளையம் இடுக.

தண்டின் சீலை மாற்றும்போது முதலில் தண்டை ஆராய வேண்டும். நகத்தால் கீறிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படுமாயின், புதிய சீல் இட்டும் பயனில்லை. தண்டையும் மாற்றுதல் வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மேற்பூச்சை அழித்துக் கேட்டை மிகுவிக்கும். பழைய சீலை எடுக்கக் கூரிய திருப்புளி கொண்டு குத்தினால், சீல் அமரும் பள்ளத்தில் கீறல் விழும். கீறல் வழியே மீண்டும் கசியும். பழைய சீல் எந்தப் பக்கம் நோக்கி இருந்தது என்று குறித்துக்கொள்க. சீலின் உதடு எண்ணெய் அழுத்தும் பக்கத்தை நோக்கியே இருத்தல் வேண்டும். புதிய சீலுக்கு அதே எண்ணெயைத் தடவி, தண்டின் மரைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன்மேல் நழுவவிடுக. இல்லையேல் மரையின் கூர்மை புதிய சீலைப் பூட்டும்போதே கிழித்துவிடும்.

பம்பு அச்சின் சீலை மாற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இழுப்பான் கொண்டு கழற்றுக. சுத்தியலால் அச்சைத் தட்டினால் உள்ளிருக்கும் நுண்ணிய பாகங்கள் கெடும். வேலை முழுவதிலும் தூய்மை முதன்மை. ஒரு மணல் துகளும் போதும், வால்வைக் கெடுக்க.

எண்ணெய் ஊற்றுவதிலும் கருத்து வேண்டும். செய்தோர் கையேட்டில் குறித்த எண்ணெயையே வாங்குக. மோட்டார் வண்டிப் பிரேக் எண்ணெயை ஒருபோதும் ஊற்றற்க. கனிம எண்ணெய்க்கென அமைந்த ரப்பர் சீல்களை அது கெடுத்துவிடும். நடுக்கடலில் வேறு வழியின்றி மெல்லிய எண்ணெய் ஏதேனும் ஊற்றிக் கரை சேர்ந்தால், கரையில் அதனை முற்றும் வடித்து, உரியதை நிரப்புதல் வேண்டும்.

கடைசி வேலை காற்றை வெளியேற்றுவது. இதற்கு இருவர் வேண்டும். பம்பின் வாயில் எண்ணெய்ப் புட்டியைக் குழாயோடு கவிழ்த்துப் பொருத்திப் பம்பு வறளாமல் காத்துக்கொள்க. சக்கரத்தை ஒரு பக்கம் இறுதிவரை திருப்பித் தண்டு அப்பக்கம் முழுவதும் வெளிவரச் செய்க. தண்டு வெளிவந்த பக்கத்து நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, மறுமுனையைப் புட்டியில் விட்டு, நிப்பிளைத் திறந்திடுக. தண்டு உள்ளே திரும்பாதவாறு ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் சக்கரத்தை எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புக. குமிழியோடு எண்ணெய் வரும். குமிழி அற்றுத் தெளிந்த எண்ணெய் ஒழுகும்போது, சக்கரம் திரும்பிக்கொண்டிருக்கையிலேயே நிப்பிளை மூடுக. பின்னர் மறுபக்கமும் இவ்வாறே செய்க. முடிந்தபின் இருபுறமும் இறுதிவரை திருப்பி அழுத்திப் பார்க்கும்போது பம்பின் எண்ணெய் மட்டம் குறைந்து தோன்றினால், உள்ளே இன்னும் காற்று உண்டு; மீண்டும் செய்க. வடித்த எண்ணெயைக் கடலில் கொட்டற்க. டப்பாவில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வேலை முடிந்த அன்றே ஆழ்கடலுக்குச் செல்லாமல், துறைமுகத்தை ஒட்டி ஓட்டிப் பார்த்து, மறுநாள் மட்டத்தையும் மூட்டுகளையும் ஒருமுறை கண்டபின் புறப்படுவதே அறிவுடைமை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகின்றது என்பதை எண்ணிச் சக்கரத்தின் அருகே எழுதி வைக்கலாம். பின்னொரு நாள் சுற்று மிகுந்தால் எங்கோ கோளாறு என்று உடனே அறியலாம்.

இவ்வளவு முன்கவனம் இருந்தும் கடலில் சுக்கான் கைவிட்டால் செய்வது யாது? சுக்கான் தண்டின் தலையில் மாட்டித் திருப்பும் அவசரக் கைக்கட்டை படகில் இருத்தல் வேண்டும். இருப்பது மட்டும் போதாது, பொருந்துகின்றதா என்று கரையிலேயே மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். சிலிண்டரில் எண்ணெய் அடைபட்டு நின்றால் கைக்கட்டையை அசைக்க முடியாது. அதற்கென உள்ள மாற்றுவழி வால்வைத் திறக்க வேண்டும். வால்வு இல்லையேல் தண்டைச் சுக்கானோடு பிணைக்கும் ஊசியைக் கழற்ற வேண்டும். இதனைப் படகிலுள்ள எல்லாரும் அறிந்திருத்தல் நன்று. உதவி வேண்டின் வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவழியில் அழைக்கலாம். கரையிலிருக்கும் வீட்டார் கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

உரிமையாளர்களுக்கும் ஒரு சொல். பருவத்தடை வரும்வரை பொறுக்கலாம் என்பது சீலின் விலையை மட்டும் கருதிய கணக்கு. பயணம் பாதியில் தடைப்பட்டால் டீசலும் பனிக்கட்டியும் பிடித்த மீனும் வீணாகும். மற்றொரு படகு வந்து கட்டி இழுத்தால் அதன் பயணமும் கெடும். உயிர்களைக் கணக்கில் சேர்க்காமலே இத்துணை இழப்பு. சேர்த்தால் கணக்கெழுதத் தாள் போதாது. அம்மையாரின் கணவரும் அவர் தோழர்களும் உரிமையாளரிடம் சண்டையிட வேண்டுவதில்லை. ஒரு சிறு குறிப்பேட்டில் எந்நாள் எத்தனை மில்லிலிட்டர் ஊற்றினோம் என்று எழுதிவரட்டும். முதல் வாரம் 100, அடுத்த வாரம் 200, அதற்கடுத்த வாரம் 500 என்று வளரும் எண்களைக் காட்டினால், வாய்ச்சொல்லுக்கு மசியாதவரும் மசிவர். அப்போதும் மசியாவிட்டால், பழுது நீங்கும்வரை புறப்படோம் என்று ஒன்றாக நின்று உரைத்தல் கோழைமை ஆகாது. ஒருவன் சொன்னால் வேலை போகும்; பத்துப் பேரும் சொன்னால் படகுதான் நிற்கும்.

பட்டறைத் தொழிலுக்குச் செல்லும் நம் இளைஞர்கள் இவ்வேலையைக் கருத்தூன்றிக் கற்றுக்கொள்வார்களாக. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குக் கைத்தொழில்தான் இரண்டாம் தாய்வீடு. மொழி தெரியாத துறைமுகத்திலும், கசிவற்ற ஒரு மூட்டு அவனுக்காகப் பேசும்.

அடுத்த திங்கள், இஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்பைப் பற்றி எழுதக் கருதியுள்ளோம். அன்பர்கள் தம் ஐயங்களை இருபதாம் தேதிக்குள் சங்க அலுவலகத்துக்கு எழுதி விடுப்பார்களாக.